பழைய ஐ7 பெட்டியும் புது ஐ5 லேப்டாப்பும்: அல்சூர் ஸ்டுடியோவில் ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணா, புதுசு ஆரம்பத்துல பறக்குது. அப்புறம் பழைய பெட்டியே தேவலன்னு ஆயிடுது." எடிட்டிங் மேசையில் உட்காரும் பையன் ஸ்டுடியோ முதலாளியிடம் சொன்ன புகார் இது. முதலாளிக்கு எரிச்சல். பன்னிரண்டாம் தலைமுறை என்று வாங்கிய லேப்டாப் நாலாம் தலைமுறைப் பெட்டியிடம் தோற்குமா? பையனுக்கு வேலை தெரியவில்லை என்பது அவர் முடிவு. பையன் சொன்னது சரி. முதலாளி எதிர்பார்த்ததும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

இடம் பெங்களூரு அல்சூர். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று வீடியோ எடுத்து வெட்டி ஒட்டித் தரும் சின்ன ஸ்டுடியோ. நம் ஆட்கள் 'சிபியு' என்றே சொல்லும் பெட்டி ஒன்று பல வருடமாக ஓடுகிறது. உள்ளே இன்டெல் கோர் ஐ7-4790, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3-1600 ராம் இரண்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. புதிதாக வந்தது கோர் ஐ5-1235யு போட்ட மெல்லிய லேப்டாப். 8 ஜிபி டிடிஆர்4-3200 ராம் ஒன்றே ஒன்று, என்விஎம்இ எஸ்எஸ்டி.

காகிதத்தில் இரண்டும்

4790 வந்தது 2014இல். 22 நானோமீட்டர், 4 கோர் (கணக்குப் போடும் பகுதி), 8 திரெட் (ஒரே நேரத்தில் எடுக்கும் வேலை வரிசை), 8 எம்பி கேஷ் (உள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.0, டிடிபி, அதாவது வடிவமைப்பில் கணக்கிட்ட வெப்ப அளவு, 84 வாட். 1235யு 2022இன் சரக்கு. அதில் பெரிய கோர் 2, சின்ன கோர் 8, மொத்தம் 12 திரெட், 12 எம்பி கேஷ். பெரிய கோர் 4.4 வரை, சின்ன கோர் 3.3 வரை போகும். அடிப்படை வாட் 15, டர்போ உச்சம் 55.

கடைக்காரர் காட்டுவது 10 கோரையும் 4.4ஐயும். காட்டாமல் விடுவது அந்த 15ஐ. இந்தக் கதை முழுக்க அந்த எண்ணைச் சுற்றித்தான்.

'10 கோர்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைப்பர்திரெடிங் (ஒரே கோர் இரண்டு திரெட் ஓட்டும் வசதி) உள்ள பெரிய கோர் இரண்டே இரண்டு. மற்ற எட்டும் சிக்கனக் கோர்கள். வீடியோ என்கோடிங் (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்குவது) அதிகம் நம்பியிருக்கும், ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைச் சின்னக் கோரும் ஏற்கும். ஆனால் அதன் கணக்குப் பிரிவு 128 பிட் அகலம்தான் என்பதால் 256 பிட் வேலையை இரண்டாக உடைத்துச் செய்யும். 4790இன் நாலு கோரும் 256 பிட்டை ஒரே மூச்சில் செய்பவை. பழசுக்கு இருக்கும் உண்மையான பலம் இது.

முதலில் பழைய பெட்டியைச் சரிசெய்தது

ஒப்பிடும்போது பெரும்பாலோர் செய்யும் தப்பு, நோயில் கிடக்கும் பழைய மெஷினோடு புதியதை ஓடவிட்டுப் பார்ப்பது. பெட்டியைத் திறந்தால் ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. இன்டெல் பெட்டிக்குள் தரும் கூலர் நாலு பிளாஸ்டிக் பின்களில் நிற்கும். அதில் ஒரு பின் மேலெழும்பியிருந்தது. ஒரு மூலை தூக்கினாலே பிராசசரின் மேல்தகடும் ஹீட்சிங்கும் சரியாக ஒட்டாது. வெப்பம் சட்டென்று ஏறும், வேகம் தானாகக் குறையும்.

பின்களைக் கழற்ற, அம்புக்குறி காட்டும் திசையில் கால் திருப்பு திருப்பி மேலே இழுக்க வேண்டும். காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார்கள். பிறகு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். மாட்டும்போது பின்களைத் திருப்பிய இடத்திலிருந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலையாக 'டக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். போர்டைப் பின்பக்கம் திருப்பி நாலு கறுப்புக் குச்சியும் வெள்ளைக் காலுக்கு நடுவே முழுசாக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். இதைப் பார்க்காமல் மூடி, மறுபடி திறக்காத ஆள் பெங்களூருவின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடையாது.

இன்னொன்றும் அகப்பட்டது. எச்81 போர்டில் சாட்டா முனை நாலு. அதில் இரண்டுதான் 6 கிகாபிட், மற்ற இரண்டும் 3 கிகாபிட். எஸ்எஸ்டி 3 கிகாபிட் முனையில் மாட்டிக் கிடந்தது. நொடிக்கு 550 எம்பியை ஒட்டிப் படிக்க வேண்டியது 300ஐத் தாண்டவே வழியில்லை. கேபிளை மாற்றிச் சொருகியதோடு சரி. காசு செலவில்லாமல் கிடைத்த வேகம் இதுதான்.

அளந்த விதம்

லேப்டாப் தன் சொந்தச் சார்ஜரில், மரமேசை மேல். மெத்தையிலோ துணியிலோ வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத்துளை மூடிவிடும். அங்கே எடுத்த கணக்குக்கு மதிப்பில்லை. இரண்டு மெஷினிலும் ஆன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், கிளவுட் ஒத்திசைவு எல்லாம் நிறுத்தி, திறந்து பத்து நிமிடம் சும்மா விட்டு ஆரம்பித்தது. பெங்களூரு அறை மின்விசிறி இல்லாமலே தாங்கும். சென்னைக்காரர்கள் எல்லா வெப்ப அளவிலும் நாலைந்து டிகிரி கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

மூன்று கருவி போதும். சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ பின்னால் ஓடி 2 நொடிக்கு ஒரு முறை பதிவு செய்தது. அதில் பார்க்க வேண்டியவை சிபியு பேக்கேஜ் பவர் (பிராசசர் இழுக்கும் வாட்), ஒவ்வொரு கோரின் கிளாக் (வேகம்), கோர் வெப்பம், கூடவே 'பவர் லிமிட்' (வாட் வரம்பு), 'தெர்மல் திராட்லிங்' (சூட்டால் வேகம் குறைவது) என்று வரும் ஆம்-இல்லை வரிகள். பிராசசர் வேகத்துக்கு மதிப்பெண் தரும் சினிபென்ச் ஆர்23ஐ 10 நிமிடம் தொடர்ந்து ஓட்டியது. ஒரே சுற்று ஓட்டினால் லேப்டாப்பின் மதிப்பெண் பொய்யாக வீங்கும். ஏன் என்பது கீழே. கடைசியாக வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக்: ஒரே 4கே கிளிப், எக்ஸ்264 (எச்.264 சாஃப்ட்வேர் என்கோடர்), மீடியம் வேகம், ஆர்எஃப் 20 தரம், 1080பி அளவு. ஹார்டுவேர் உதவி இல்லாமல் கோர் மட்டும் உழைக்கும் ஏற்பாடு.

28 நொடி

முதலில் ஒற்றை திரெட். சினிபென்ச் ஆர்23இல் 4790 ஆயிரத்தை ஒட்டி நிற்கும். 1235யு 1600ஐ ஒட்டி. கிளாக்கால் வகுத்தால் விஷயம் தெளியும். பழசு ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு 250, புதுசு 360க்குக் கொஞ்சம் மேல். அதாவது அதே கிளாக்கில் ஏறக்குறைய 45 சதவீதம் அதிக வேலை. ஹாஸ்வெல்லுக்கும் (4790இன் குடும்பம்) ஆல்டர் லேக்குக்கும் (1235யுவின் குடும்பம்) நடுவே வந்த கோர் வடிவமைப்புகள் தந்தது இது. இடையில் வந்த சன்னி கோவ் கோர் ஸ்கைலேக்கைவிட 18, 1235யுவின் பெரிய கோரான கோல்டன் கோவ் அதற்கு முந்தையதைவிட 19 சதவீதம் சராசரி முன்னேற்றம் என்பது இன்டெல்லே சொன்ன கணக்கு. பிரவுசர் திறப்பது, டேலியில் ரிப்போர்ட் எடுப்பது, டைம்லைனில் கிளிப்பை இழுப்பது எல்லாம் இந்த வகை. கைக்கு 'பறக்குது' என்று தோன்றக் காரணம் இதுவே.

அடுத்து எல்லாக் கோரும். பதிவைத் திறந்தால் படம் இரண்டாக உடைந்திருந்தது. ஓட்டம் தொடங்கியதும் லேப்டாப்பின் பேக்கேஜ் பவர் 50 வாட்டைத் தாண்டிக் குதித்தது. 4790 அப்போது எல்லாக் கோரிலும் 3.8இல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் அதைத் தாராளமாக முந்தியது. அரை நிமிடம் ஆவதற்குள் கோடு செங்குத்தாக விழுந்து 15 வாட்டில் படுத்தது. அதற்குப் பிறகு எழவே இல்லை. பெரிய கோர்களின் கிளாக் 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இறங்கியது. வெப்பம்? 70ஐ ஒட்டித்தான். தெர்மல் திராட்லிங் வரியில் கடைசிவரை 'இல்லை'. பவர் லிமிட் வரியில் 'ஆம்'.

இதைப் பார்த்துத்தான் முதலாளி கூலிங் பேட் வாங்கப் புறப்பட்டார். வேண்டாம். சூடு இங்கே பிரச்சினையே இல்லை. லேப்டாப் பிராசசருக்கு இரண்டு வரம்பு உண்டு. பிஎல்1 நிலையாகத் தரும் வாட், பிஎல்2 கொஞ்ச நேரம் மட்டும் தரும் உச்ச வாட். எவ்வளவு நேரம் என்பதை 'டவ்' என்ற இன்னொரு எண் தீர்மானிக்கும். இந்த வகைச் சில்லுகளில் அது பெரும்பாலும் 28 நொடி. கடையில் டெமோ காட்டுவது இந்த 28 நொடிக்குள் முடிந்துவிடும். கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் முடியாது.

ஹேண்ட்பிரேக்கிலும் இதே கதை. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று காட்டும் எண் ஆரம்பத்தில் லேப்டாப்பில் மேலே. ஒரு நிமிடம் கழித்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கிளிப் முடியும்போது பழைய பெட்டி ஒரு கை முன்னால்.

இதைத் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை. 84 வாட்டுக்காரர் செய்யும் வேலையை 15 வாட்டில் ஏறக்குறையச் செய்வது சாதாரணமா? கிளாக்கைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். மின்செலவு அழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடு போவதால், வேகம் பாதியாகும்போது வாட் பாதிக்கும் கீழே இறங்கும். பத்துக் கோரை மெதுவாக ஓட்டி வேலையைத் தேற்றும் தந்திரம் இதில்தான் நிற்கிறது.

வரம்பைத் தளர்த்தியது

லேப்டாப்போடு வந்த தயாரிப்பாளர் செயலியில் மின்விசிறி நிலை 'அமைதி' என்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படி. 'செயல்திறன்' நிலைக்கு மாற்றியதும் எச்டபிள்யூஇன்ஃபோவில் பிஎல்1 15இலிருந்து 25 ஆனது. விசிறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. வெப்பம் 85ஐ ஒட்டி. இந்தச் சில்லின் உச்ச வரம்பு 100 டிகிரி என்பதால் பயமில்லை. நீண்ட ஓட்டத்திலும் லேப்டாப் பழைய பெட்டியைத் தெளிவாகத் தாண்டியது இப்போதுதான். கூலிங் பேட்டுக்கு வேலை வருவதும் இனிமேல்தான், அதுவும் மே மாதத்தில்.

எல்லா லேப்டாப்பிலும் இந்த வசதி இருக்காது. சிலதில் வரம்பு போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே பூட்டியிருக்கும். வரம்பை மாற்றும் திராட்டில்ஸ்டாப் மென்பொருளைப் போட்டு எண்ணை மாற்றினாலும் ஒரு நொடியில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) செய்யலாம் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். 2019 இறுதியில் வெளியான பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு பல தயாரிப்பாளர்கள் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். வாங்கும் முன் 'இதே பிராசசர்' என்று பார்த்தால் போதாது. இதே மாடலில் பிஎல்1 எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரே 1235யு இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடும்.

சார்ஜர் விஷயமும் உண்டு. பையன் சில நாள் தன் போன் சார்ஜரைச் சொருகி வேலை பார்த்திருக்கிறான். வாட் குறைந்த டைப்-சி சார்ஜரில் லேப்டாப் வரம்பைத் தானாகவே கீழே இழுத்துக்கொள்ளும். பேட்டரியில் மட்டும் ஓடினாலும் அப்படியே.

ஒற்றை ராம்

ராம் ஸ்டிக் ஒன்றே ஒன்று என்பதை லேசாக விட்டுவிடக் கூடாது. டிடிஆர்3-1600 இரண்டு சேனலில் (ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள வழி) நொடிக்கு 25.6 ஜிபி தரும். டிடிஆர்4-3200 ஒரு சேனலில் தருவதும் சரியாக 25.6 ஜிபி. ஒரு தலைமுறை தாண்டி வாங்கிய ராம், ஸ்லாட் ஒன்று காலியாக இருப்பதால், 2014இன் அளவிலேயே நிற்கிறது. அதே அளவு வழியைப் பத்துக் கோரும் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் பங்குபோட வேண்டும்.

இதற்கு அடையாளம் டிவைஸ் மேனேஜரிலேயே தெரியும். இரண்டு சேனல் இருந்தால் கிராஃபிக்ஸ் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று பெயர் காட்டும். ஒற்றைச் சேனலில் அதே சில்லு வெறும் 'யுஎச்டி' என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகத் தேவையில்லை. இன்னொரு 8 ஜிபி, அதே டிடிஆர்4-3200 சோடிம் (லேப்டாப் ராம் ஸ்டிக்) போட்டதும் பெயர் மாறியது, 51.2 ஜிபி வழியும் திறந்தது. சினிபென்ச்சில் இதனால் பெரிய மாற்றம் வராது. அது ராமை அதிகம் தொடாத சோதனை. டைம்லைனில் தெரிந்தது.

இரண்டு பாஸ் எனும் பழைய பழக்கம்

இந்த ஆய்வில் அதிகம் பலன் தந்தது பிராசசரில் இல்லை, பிரீமியர் புரோவின் எக்ஸ்போர்ட் ஜன்னலில் இருந்தது. பழைய பெட்டிக்காகச் செய்துவைத்த பிரீசெட்டையே லேப்டாப்பிலும் ஏற்றியிருந்தார்கள். அதில் விபிஆர் 2 பாஸ், அதாவது பிட்ரேட்டைக் காட்சிக்கேற்ப மாற்றி, கோப்பை இரண்டு முறை ஓட்டி என்கோட் செய்வது. இரண்டு பாஸைத் தேர்ந்தெடுத்தால் பிரீமியர் ஹார்டுவேர் என்கோடிங்கை விட்டுவிட்டு சாஃப்ட்வேருக்குப் போய்விடும். அதாவது 15 வாட்டில் படுத்திருக்கும் கோர்கள் கோப்பை இரண்டு முறை அரைத்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே வீடியோவுக்கென்று இருக்கும் தனிப் பகுதி சும்மா உட்கார்ந்திருந்தது.

விபிஆர் 1 பாஸ், பெர்ஃபார்மன்ஸ் வரியில் ஹார்டுவேர் என்கோடிங். அந்தத் தனிப் பகுதியான குயிக் சிங்க் வேலையை எடுத்துக்கொண்டதும் பேக்கேஜ் பவர் குறைவாகவே இருக்க, எக்ஸ்போர்ட் நேரம் பாதிக்கும் கீழே வந்தது. அதே பிட்ரேட்டில் எக்ஸ்264 தரம் கொஞ்சம் மேல் என்பது உண்மை. பிட்ரேட்டைச் சற்று உயர்த்திவிட்டால் பென் டிரைவில் வாங்கிப் போகும் மணமக்கள் வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது.

4790இலும் குயிக் சிங்க் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளமைந்த கிராஃபிக்ஸான எச்டி 4600 எச்.265ஐ என்கோட் செய்யாது. ஸ்டுடியோவின் புதுக் கேமரா எச்.265, 10 பிட், 4:2:2இல் (4:2:0வைவிட நிறத் தகவல் அதிகம் உள்ள முறை) எடுக்கிறது. அந்தக் கோப்பைப் பிரிக்கப் பழைய பெட்டியில் ஹார்டுவேர் இல்லை. நாலு கோரும் நூறு சதவீதத்தில் முட்டியும் டைம்லைன் விட்டுவிட்டு ஓடும். லேப்டாப்பின் ஐரிஸ் எக்ஸ்இ அதே கோப்பை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். சினிபென்ச் இதைச் சொல்லவே சொல்லாது. பழைய பெட்டியில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி 75 வாட் கார்டு ஒன்று போட்டால் போதாதா என்று முதலாளி கேட்டார். எச்.265 4:2:0க்குப் போதும். 4:2:2வை அந்தக் கார்டும் பிரிக்காது. பிராக்ஸி (வெட்டுவதற்கென்று செய்யும் லேசான நகல்) செய்து வெட்டுவதுதான் அங்கே வழி.

கரண்ட் கணக்கு

லேப்டாப்பால் கரண்ட் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் கையில் கால்குலேட்டர் எடுக்கவும். முழு வேலையில் பெட்டி சுவரிலிருந்து 110 வாட், லேப்டாப் 30 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம், வருடம் 300 நாள்: மிச்சம் 24 யூனிட். சும்மா நிற்கும் நேரத்தில் 30 வாட் வித்தியாசம், தினம் 9 மணி நேரம் என்றால் இன்னொரு 81 யூனிட். அவ்வளவுதான். உண்மையான லாபம் கோடை மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகும்போது. 600 விஏ யுபிஎஸ்ஸில் பெட்டியும் மானிட்டரும் தாங்குவது கால் மணி நேரம் போல. எக்ஸ்போர்ட் நடுவில் செத்தால் முதலிலிருந்து. லேப்டாப் வேகம் குறைந்தாலும் முடித்துவிடும்.

கடைசி ஏற்பாடு

டைம்லைன், கலர், எக்ஸ்போர்ட் மூன்றும் லேப்டாப்புக்கு மாறின. ராத்திரி ஓடும் பிராக்ஸி வேலையும் பழைய எச்.264 புராஜெக்டுகளும் பெட்டியிலேயே. அங்கே விண்டோஸ் 10 ஓடுகிறது. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நாலாம் தலைமுறை கிடையாது. ஆகவே அந்தப் பெட்டியில் பிரவுசர், மெயில், பேங்க் எதுவும் இல்லை. ரௌட்டரிலும் அது சொருகப்படவில்லை. இரண்டு மெஷினுக்கும் நடுவே ஒரே ஒரு கேட்6 கேபிள் நேராக ஓடுகிறது. லேப்டாப்பில் லேன் முனை இல்லாததால் யுஎஸ்பி 3 அடாப்டர். 1 கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி போல வரும். இரு பக்கமும் 192.168.50.1, 192.168.50.2 என்று ஐபி கையால் போட்டது.

பெட்டியின் யுபிஎஸ் பேட்டரி மட்டும் இன்னும் மாற்றவில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர்.